வீட்டுக்குள் கூடு: குருவி, புறா, கூகை, வௌவால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. முற்றம், தாழ்வாரம், பரண் எல்லாம் உண்டு. பின்னால் பிள்ளைகள் கட்டிய மாடி வீடும் சேர்ந்திருக்கிறது. பள்ளியில் பாடம் நடத்திய காலத்திலிருந்தே இந்த இரண்டு வீட்டிலும் எது எங்கே கூடு கட்டியது, என்றைக்கு முட்டை வைத்தது, என்றைக்குக் குஞ்சு பறந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். அது எப்படியோ வெளியே தெரிந்து, சொந்தக்காரர், பழைய மாணவர், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

"டீச்சர், திடீர்னு கூடு கட்டிடுச்சு. இப்ப முதல்ல என்ன பண்ணணும்?"

முதலில் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு நாள் தள்ளி நின்று பாருங்கள். கூடு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று சொல்ல முடியும். வாயில் வைக்கோலும் நாரும் கொண்டுவந்தால் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பறவை உள்ளே போய் அரை மணி நேரம் வெளியே வரவில்லை என்றால் அடைகாக்கிறது. புழு பூச்சியோடு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து போனால் குஞ்சு பொரித்துவிட்டது.

இன்னும் கூடாக ஆகாமல் வெறும் நாரும் குச்சியுமாக இருக்கும்போது அந்த இடம் உங்களுக்குச் சரிப்படாது என்றால் தாராளமாக எடுத்துவிட்டு ஓட்டையை அடைக்கலாம். பறவை வேறு இடம் தேடிக்கொள்ளும். முட்டை வந்துவிட்டால் அப்புறம் தேதி எண்ணுவது ஒன்றுதான் வழி. அந்தக் கணக்கு அடுத்த பதிலில் இருக்கிறது.

"எத்தனை நாள் பொறுத்துக்கணும்? ஒரு கணக்கு சொல்லுங்க."

எல்லோரும் மாதக்கணக்காக இருக்கும் என்று பயப்படுகிறார்கள். சின்னப் பறவைகளுக்கு ஒரு மாதம் கூட ஆகாது. கொண்டைக்குருவி இரண்டு மூன்று முட்டை வைக்கும். அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், பொரித்த குஞ்சு வெளியேற இன்னும் பன்னிரண்டு நாள் போல. தவிட்டுப்புறாவுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. சிட்டுக்குருவி மூன்று முதல் ஐந்து முட்டை வைத்து, மொத்தமாக ஒரு மாதத்துக்குள் முடித்துவிடும். ஆனால் அதே இடத்தில் அடுத்த ஈடு தொடங்கிவிடும். தேன்சிட்டுக்கு இரண்டு முட்டை, அதற்கும் ஒரு மாதம்.

மைனாவுக்கு ஆறு வாரம் விட்டுவையுங்கள். மாடப்புறாவுக்கு இரண்டு முட்டை, அடைகாக்க 17, 18 நாள், குஞ்சு வளர்ந்து வெளியேற ஒரு மாதத்துக்கு மேல். ஆக ஏழு வாரம். கூகை என்கிற ஆந்தைக்குத்தான் நீளம். அடைகாக்கவே ஒரு மாதம், அதன் பிறகு குஞ்சுகள் பறக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகலாம். நீங்கள் கூட்டைப் பார்க்கும்போது பாதி நாள் ஏற்கெனவே போயிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எனக்குப் பறவை பேரே தெரியாது. கூட்டை வெச்சுக் கண்டுபிடிக்க முடியுமா?"

பெரும்பாலும் முடியும். போர்ட்டிகோ விளக்கின் மேலோ தொங்கும் பூந்தொட்டியிலோ சின்னக் கிண்ணம் மாதிரி ஒழுங்காகப் பின்னியிருந்தால் கொண்டைக்குருவி. கருப்புக் கொண்டையும் வாலடியில் சிவப்பும் இருக்கும். துணிக்கொடியிலோ காலிங் பெல் ஒயரிலோ ஒரு அழுக்குச் சுருக்குப்பை தொங்குவதுபோல் இருந்தால் தேன்சிட்டு. சிலந்தி வலையை இழுத்துவந்து, சருகும் பட்டையும் ஒட்டவைத்துக் கட்டும் கூடு அது. குப்பை என்று நினைத்து விளக்குமாற்றால் தட்டிவிடுகிற கூடும் இதுதான், அதனால் தட்டுவதற்கு முன் பக்கவாட்டில் வாசல் மாதிரி ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

நாலு குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, கீழிருந்து பார்த்தால் முட்டையே தெரிகிற அளவுக்கு அரைகுறையாக இருந்தால் தவிட்டுப்புறா. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, பழைய பைப், சுவர்ப் பொந்து ஆகியவற்றில் பிளாஸ்டிக் காகிதம், கயிறு, வைக்கோல் எல்லாம் திணித்திருந்தால் மைனா. பாலத்துக்கு அடியிலோ உயரமான கூரையின் அடியிலோ மண் உருண்டைகளை ஒட்டிக் குடுவை மாதிரி கட்டியிருந்தால் தகைவிலான். கோபுரத்திலும் பழைய மாடிக் கட்டடத்திலும் இறகும் வைக்கோலும் எச்சிலால் ஒட்டிக் கொத்துக்கொத்தாக இருந்தால் உழவாரன்.

சிட்டுக்குருவிக்கு மட்டும் இலக்கணமே இல்லை. மீட்டர் பெட்டி, ட்யூப்லைட் பட்டி, சாமி படத்துக்குப் பின்னால், கடை ஷட்டர் சுருளும் பெட்டி, எங்கே ஒரு சந்து கிடைத்தாலும் சரி. சங்கப் பாட்டிலேயே அதற்கு மனையுறை குரீஇ என்று பெயர். புறாவுக்கும் மனையுறை புறவு என்று பெயர் உண்டு. இரண்டாயிரம் வருஷமாக நம் வீட்டு இறவாணத்தில் இருந்தவை இவை.

"நாளைக்கு பெயின்ட் வேலை. கூட்டை அப்படியே தூக்கிப் பக்கத்துல வெச்சா ஆகாதா?"

ஆகாது. பறவை கூட்டை அடையாளம் வைத்துத் தேடுவதில்லை, இடத்தை வைத்துத்தான் தேடுகிறது. பத்தடி தள்ளி வைத்தால் பழைய இடத்துக்கே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். முட்டை குளிர்ந்துவிடும். அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முடிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரிகள் முதலில் முணுமுணுப்பார்கள், காட்டினால் ஒத்துக்கொள்வார்கள்.

இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். மாடி வீட்டுச் சமையலறைக்கு வெள்ளையடிக்க வந்தவர் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையைப் பூசி மூடிவிட்டார். நான்தான் மூடச் சொன்னேன், உள்ளே பார்க்காமல். மறுநாள் முழுக்க ஒரு ஜோடி மைனா அந்தச் சுவரையே கொத்திக்கொண்டிருந்தது. எனக்குப் புரியவில்லை. ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் சுவருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. உளி வைத்து உடைத்துத் திறந்தோம். மூன்று குஞ்சுகளில் இரண்டு உயிரோடு இருந்தன. விடிந்ததும் தாய் வந்து ஊட்டியது. அன்றிலிருந்து எந்த ஓட்டையை அடைப்பதற்கு முன்னாலும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்கிறேன். கை எட்டாத ஓட்டை என்றால் செல்போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்தாலே தெரிந்துவிடும்.

"நம்ம வீட்டுக் கூட்டைக் கலைச்சா சட்டப்படி தப்பா?"

தப்புதான். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் சேர்த்தி. கூடு உங்கள் சொந்தச் சுவரில் இருக்கிறது என்பது சமாதானம் ஆகாது. காகம், பழந்தின்னி வௌவால் எல்லாம் முன்பு, கொன்றாலும் குற்றமில்லை என்ற தீங்குயிர்ப் பட்டியலில் எலியோடு சேர்ந்து இருந்தன. 2022ஆம் வருஷத் திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள்.

"ஹால்லயே குருவி கட்டிடுச்சு அக்கா. ஃபேன்ல அடிபட்டுடுமோன்னு போடவே பயமா இருக்கு."

இந்தப் பயம் நியாயமானது. வீட்டுக்குள் கட்டும் குருவிக்கு ஃபேன் பெரிய ஆபத்து. ஜன்னலிலிருந்து கூட்டுக்கு அது எந்த வழியாகப் பறக்கிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். தினமும் ஒரே வழிதான். அந்த வழியில் ஃபேன் குறுக்கிட்டால் பகலில் மேஜை விசிறியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். இருட்டினால் குருவி அசையாது, அப்போது ஃபேனைப் போடலாம்.

அடுத்த வருஷத்துக்கு வேறு வழி செய்யலாம். கூடு காலியானதும் ஹாலில் அந்தச் சந்தை அடைத்துவிட்டு, அதே ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடுக்கு அடியில் ஒரு பெட்டி மாட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படி வெளியே போன ஜோடி மறுபடி ஹாலுக்கு வரவில்லை.

"குஞ்சு கீழே கிடக்கு. கையால தொட்டா தாய் ஒதுக்கிடும்னு சொல்றாங்களே?"

இதை யார் கிளப்பிவிட்டார்களோ, இதனாலேயே எத்தனையோ குஞ்சுகள் எறும்புக்குப் போகின்றன. மனிதக் கை பட்ட வாசனைக்காகத் தாய் குஞ்சைக் கைவிடாது. இறகே முளைக்காத செக்கச்செவேல் குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். கூடு எட்டாத உயரமாக இருந்தாலோ பிய்ந்து விழுந்துவிட்டாலோ, அடியில் ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் காய்ந்த தேங்காய் நார் போட்டு, பழைய கூட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கட்டுங்கள். ஒன்றிரண்டு முழம் தள்ளி இருந்தால் குஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தாய் வந்துவிடும்.

இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற குஞ்சு விழுந்த குஞ்சு இல்லை. பறக்கப் பழகுகிறது. அதை ஒரு செடி மேல் ஏற்றிவிட்டு, பூனையை வீட்டுக்குள் அடைத்தாலே போதும். பாலும் சோறும் ஊட்டாதீர்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய் செத்துவிடும்.

உழவாரன் மட்டும் விதிவிலக்கு. அதன் கால் சுவரைப் பற்றிக்கொள்வதற்கானது. கம்பியில் உட்காரவும் முடியாது, தரையில் விழுந்தால் எழும்பவும் கஷ்டப்படும். வளர்ந்த பறவை தரையில் கிடந்தால் அடிபட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மாடிக்குக் கொண்டுபோய் விரித்த உள்ளங்கையில் வைத்து உயர்த்திப் பிடியுங்கள். தூக்கிப் போடக் கூடாது. காயம் இல்லையென்றால் அதுவே கிளம்பிவிடும்.

"கரெண்ட் பெட்டிக்குள்ள கட்டியிருக்கு. இதையும் விட்டுவைக்கணுமா?"

உங்கள் உயிருக்கும் வீட்டுக்கும் ஆபத்து என்றால் கை வைக்காமல் மின்வாரிய ஆளையோ எலெக்ட்ரீஷியனையோ கூப்பிடுங்கள். காய்ந்த நார் தீப்பிடிக்கும். பல இடங்களில் அந்த ஒரு இணைப்பை மட்டும் நிறுத்திவைத்தாலே ஒரு மாதம் ஓட்டிவிடலாம்.

சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020ஆம் வருஷம் இப்படித்தான் செய்தார்கள். ஊர்த் தெருவிளக்கு முழுக்கவும் ஒரே ஸ்விட்ச் பெட்டியில். அதற்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. ஊரே சேர்ந்து, குஞ்சுகள் பறக்கும்வரை ஏறக்குறைய 35 நாள் தெருவிளக்கு போடாமல் இருந்தார்கள். எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள், முதலில் எதிர்த்தவர்களும் உண்டு. பேசித்தான் சம்மதிக்க வைத்தார்கள். அதே மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

"ஏசி வெளிப்பெட்டி மேல புறா. ஒண்ணு போனா ஒண்ணு முட்டை வைக்குது. இதுக்கு முடிவே இல்லையா?"

மாடப்புறா விஷயத்தில் எனக்கும் பொறுமை குறைவு. வருஷம் முழுக்க ஈனும், பால்கனி முழுக்க எச்சம், முந்தின குஞ்சு இருக்கும்போதே அடுத்த முட்டை. ஆனால் அதையும் முறையாகத்தான் செய்ய வேண்டும். மேலே சொன்ன ஏழு வாரம் முடிந்து குஞ்சு பறந்த அன்றைக்கே, மறுநாள் என்று தள்ளாமல், குச்சியை அள்ளிச் சுத்தம் செய்து வலை கட்டிவிடுங்கள். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த ஏழு வாரம்.

வலை விறைப்பாக இருக்க வேண்டும். தொளதொளவென்று விட்டால் புறாவோ கிளியோ கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். ஒட்டுப் பசை தடவுகிற வேலையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அதில் ஒட்டுவது புறா மட்டும் இல்லை. முள் பட்டையால் பெரிய பலன் இல்லை, முள்ளுக்கு நடுவிலேயே குச்சி சொருகிக் கூடு கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், அடுக்கக மொட்டை மாடியில் யாராவது தினமும் அரிசி கொட்டினால் எத்தனை வலை கட்டினாலும் வந்துகொண்டேதான் இருக்கும். மும்பையில் 2025ஆம் வருஷம் இந்தப் புறாத் தீவன இடங்களை மூடியது பெரிய சண்டையாகி உயர் நீதிமன்றம் வரை போனது. புண்ணியம் என்று செய்கிறவர்களிடம் கோபப்படாமல், அதே தானியத்தை ஊருக்கு வெளியே மரத்தடியில் போடச் சொல்லிப் பாருங்கள்.

"எச்சத்தால வியாதி வருமாமே. வீட்ல கைக்குழந்தை இருக்கு."

ஒன்றிரண்டு குருவிக் கூட்டால் பயமில்லை. மூடிய இடத்தில், நாள்கணக்காகக் குவிந்து காய்ந்த புறா எச்சமும் வௌவால் எச்சமும்தான் ஆபத்து. அதில் பூஞ்சை வளரும். காய்ந்த தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலைப் பாதிக்கும். புறா எச்சத்தையும் இறகுத் தூளையும் வருஷக்கணக்கில் சுவாசிக்கிற சிலருக்கு ஒவ்வாமையாக ஆரம்பித்து நுரையீரல் தழும்பாகிவிடுவதும் உண்டு. ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

காய்ந்த எச்சத்தை ஒருபோதும் பெருக்காதீர்கள். கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து நன்றாக ஊறவிட்டு, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சுரண்டி எடுத்துப் பையில் கட்டுங்கள். காலியான கூட்டையும் ரொம்ப நாள் விட்டுவைக்காமல் இப்படியே எடுத்துவிடுங்கள். புறா, மைனா கூடுகளில் கோழிச்செல் மாதிரி பொடிப் பூச்சிகள் இருக்கும். குஞ்சுகள் போனதும் அவை இரை தேடி ஜன்னல் வழியாகப் படுக்கைக்கு வந்துவிடும். உடம்பெல்லாம் அரிக்கிறது, மூட்டைப்பூச்சியும் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஜன்னல் மேல் பழைய கூடு இருக்கிறதா என்றுதான்.

"ஒரு குருவி காலைல ஆறு மணிக்கு வந்து ஜன்னல் கண்ணாடியைக் கொத்திட்டே இருக்கு. ஏதாவது சொல்ல வருதா?"

அதன் பிம்பத்தைப் பார்த்து இன்னொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று சண்டை போடுகிறது. பக்கத்தில் எங்கோ அதன் கூடு இருக்கிறது. கருஞ்சிட்டு, தேன்சிட்டு, தவிட்டுக்குருவி எல்லாம் இப்படிச் செய்யும். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் செய்தித்தாள் ஒட்டுங்கள், பைக் கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டுங்கள். சில வாரங்களில் தானாக அடங்கும்.

"மாடி ஷெட்ல கூகை குடியிருக்கு. சாவுக்குருவி வந்தா வீட்ல ஒரு உயிர் போகும்னு மாமியார் அழறாங்க."

அம்மாவிடம் வாதாடாதீர்கள். பகலில் அவரைக் கூட்டிப்போய் அந்த ஷெட்டின் தரையைக் காட்டுங்கள். கட்டைவிரல் அளவில் கருப்பாக உருண்டைகள் கிடக்கும். ஒன்றை நனைத்துக் குச்சியால் பிரித்தால் உள்ளே எலியின் மண்டையோடும் பல்லும் மயிரும் இருக்கும். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காததை உருட்டிக் கக்கிவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இதைப் பார்த்த பிறகுதான் சமாதானம் ஆனார். நெல் போட்டு வைத்திருக்கிற வீடு அவருடையது. எலியால் பட்ட பாடு அவருக்குத் தெரியும். வயலில் டி வடிவக் குச்சி நட்டு ஆந்தை உட்கார இடம் செய்து தருவதும் இதற்காகத்தான்.

ராத்திரி கேட்கும் அந்தச் சீறல் பாம்பும் இல்லை, பேயும் இல்லை. குஞ்சுகள் பசிக்குக் கத்துகின்றன. அலறல் பெரியவற்றின் குரல். பழைய வீடு, கோபுரம், யாரும் போகாத பரண் என்று அமைதியான இடமாகப் பார்த்துத்தான் அது தங்கும். நோயாளி இருக்கும் வீட்டில் ராத்திரி விளக்கு எரிய, விளக்குக்குப் பூச்சி வர, பூச்சிக்குப் பல்லியும் எலியும் வர, அதைத் தேடிக் கூகை வந்திருக்கும். சாவு சேதி கொண்டுவந்தது என்று அதன் தலையில் கட்டிவிட்டார்கள். இது என் ஊகம்தான், ஆனால் எனக்கு இதில் நியாயம் படுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கூகை இருக்கிற இடத்தை ஊரெல்லாம் சொல்லாதீர்கள், படம் எடுத்து விலாசத்தோடு போடாதீர்கள். மாந்திரீகத்துக்கு என்று ஆந்தை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தீபாவளி சமயத்தில் அதிகம். யாராவது விலைக்குக் கேட்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

"ராத்திரி ரூமுக்குள்ள வவ்வால் வந்துடுச்சு. பசங்க போர்வைக்குள்ள புகுந்துட்டாங்க. என்ன பண்றது?"

ஃபேனை நிறுத்துங்கள். வீட்டுக்குள் போகிற கதவைச் சாத்திவிட்டு, வெளிப்பக்க ஜன்னல்களை முழுசாகத் திறந்து திரையை ஒதுக்குங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் போய்விடும். விளக்குக்கு வந்த பூச்சியைத் துரத்திக்கொண்டு உள்ளே வந்திருக்கும். துடைப்பத்தாலோ பூப்பந்து மட்டையாலோ அடிக்கக் கூடாது. வீட்டில் திரிகிற சின்ன வௌவால் பத்து கிராம் கூட இருக்காது.

அதற்குக் கண் தெரியும். தலைமயிரில் சிக்காது, அது நம்மைச் சுற்றிப் பறப்பது அறையில் வழி தேடித்தான். தரையில் விழுந்து கிடந்தால் வெறும் கையால் தொடாமல், மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே உயரமான இடத்தில் விடுங்கள்.

"போர்ட்டிகோ சுவர் பூரா யாரோ வெத்தலை போட்டுத் துப்பின மாதிரி கறை. வாட்ச்மேன் மேல சந்தேகமா இருக்கு."

வாட்ச்மேனைத் திட்டாதீர்கள். காலையில் தரையில் சவைத்த நார் உருண்டை, நெட்டிலிங்கப் பழத்துக் கொட்டை, பாதி கடித்த வாதாங்காய் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அது குட்டை மூக்குப் பழ வௌவாலின் வேலை. அது உங்கள் வீட்டில் குடியிருக்கவில்லை. மரத்திலிருந்து பழத்தைப் பறித்துக்கொண்டு, பத்திரமாகத் தின்ன உங்கள் போர்ட்டிகோவுக்கு வருகிறது. சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட்டுப் போகும். பகலில் அது பனை ஓலைக்கடியிலோ, தானே இலையை வளைத்துக் கட்டிய கூடாரத்திலோ தொங்கும். இந்தக் கூடாரம் கட்டும் வழக்கத்தைப் பாளையங்கோட்டைக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் விவரமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கட்டுவது ஆண்.

பழக்காலம் முடிந்தால் வருவது குறையும். அதுவரை அது தொங்குகிற மூலைக்கு நேராக ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுவையுங்கள், அல்லது அங்கே நாலைந்து துணிக்கீற்றுகள் காற்றில் ஆடும்படி கட்டுங்கள். சுவர்க் கறையை அன்றன்றைக்கே ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நாமாக விதை போடாத இடத்தில் முளைக்கும் மரங்களில் பல இது துப்பிய கொட்டைதான்.

"ஓட்டுக்கு அடியில ஒரு கூட்டமே இருக்கு. நாத்தம் தாங்கல. பாச்சை உருண்டை போட்டா போயிடுமா?"

பாச்சை உருண்டையும் புகையும் முதலில் உங்களைத்தான் பாதிக்கும். வௌவால் ஓட்டுக்கு இன்னும் உள்ளே போய்ச் செத்து நாறும். முதலில் அது வௌவால்தானா என்று உறுதி செய்யுங்கள். எச்சத்தை ஒரு குச்சியால் நசுக்கினால் பொடிப்பொடியாக உதிர்ந்து, பூச்சி இறக்கை மினுங்கும். எலிப் புழுக்கை அப்படி உதிராது.

அனுப்பத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பொழுது சாயும்போது வெளியே உட்கார்ந்து எந்தச் சந்து வழியாகக் கிளம்புகின்றன என்று பாருங்கள். விரல் பருமன் சந்து போதும் அவற்றுக்கு. மற்ற எல்லாச் சந்தையும் அடைத்துவிட்டு, முக்கியமான அந்த ஒன்றின் மேல் மட்டும் நைலான் வலைத் துண்டை, மேலும் பக்கங்களிலும் ஒட்டி, கீழே இரண்டடி தொங்கவிட்டுத் திறந்தபடி வையுங்கள். கீழே ஊர்ந்து வெளியேறிவிடும், திரும்ப நுழைய வழி தெரியாது. ஒரு வாரம் கழித்துச் சந்தைப் பூசிவிடலாம். ஆனால் பெரியவை போன பிறகும் உள்ளே கீச்சுச் சத்தம் கேட்டால் குட்டிகள் இருக்கின்றன என்று அர்த்தம். பறவைக்குச் சொன்ன அதே விதிதான், இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள்.

முழு ஓட்டுக் கூரையில் இதைச் செய்வது நடக்காத காரியம், ஆயிரம் சந்து இருக்கும். எங்கள் பரணில் நான் சண்டையை விட்டுவிட்டேன். அவை தொங்கும் இடத்துக்கு நேர் கீழே தார்ப்பாய் விரித்து, மாதம் ஒரு முறை மேலே சொன்னபடி நனைத்து எடுத்து, வாழைக்கு உரமாகப் போடுகிறேன். சாயங்காலம் அவை கிளம்பும்போது கொசுவும் வண்டும் அந்துப்பூச்சியும் அவற்றுக்கு இரை. வயலுக்கு நடுவில் இருக்கிற ஊருக்கு அது வேண்டும்.

"நிபா வந்துச்சே, வவ்வாலால தானே? அது கடிச்சா வெறிநாய்க்கடி மாதிரியா?"

2018ஆம் வருஷம் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் நிபா வந்து 17 பேர் இறந்தார்கள். அந்த வைரஸை முக்கியமாகச் சுமப்பது ஆலமரத்திலும் புளியமரத்திலும் தொங்குகிற பெரிய பழந்தின்னி வௌவால். பரணில் இருக்கும் சின்னப் பூச்சித்தின்னி இல்லை. செய்ய வேண்டியது கஷ்டமானதும் இல்லை. வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள். கீழே விழுந்த பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்ன விடாதீர்கள். திறந்த கலயத்துப் பதநீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். வௌவாலைக் கொன்று இதைத் தீர்க்க முடியாது. கலைத்துவிட்டால் அவை சிதறிப் புதிய ஊர்களுக்குப் போகும்.

எந்த வௌவாலானாலும் கடித்தாலோ கீறினாலோ, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் பக்கத்தில் வௌவால் கிடந்தாலும் அப்படியே.

"எங்களுக்கு எதிர்ப் பிரச்சினை டீச்சர். பெட்டி மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு, குருவியே வரல. டவர்னாலதானே?"

செல்போன் டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள் போதும். கான்கிரீட் வீட்டில் சந்து இல்லை, மளிகை பாக்கெட்டில் வருகிறது, வாசலில் யாரும் தானியம் புடைப்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம் புழு. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் மெத்தென்ற புழு பூச்சிதான் வேண்டும். செடிக்கெல்லாம் மருந்தடித்துவிட்டுப் பெட்டி மாட்டினால் என்ன பயன்?

பெட்டியையும் பாருங்கள். துளை ஒன்றேகால் அங்குலம் இருந்தால் போதும், பெரிதாக இருந்தால் மைனாவும் அணிலும் எடுத்துக்கொள்ளும். எட்டுப் பத்தடி உயரத்தில், மத்தியான வெயிலும் மழைச் சாரலும் படாத சுவரில், ஆடாமல் இருக்க வேண்டும். உட்காரக் குச்சி வேண்டாம், காகத்துக்குத்தான் வசதி. பக்கத்துத் தெருவில் குருவி இருந்தால் உங்களிடமும் வரும். இரண்டு கிலோமீட்டருக்கு எங்கேயும் இல்லை என்றால் முதலில் தண்ணீரும் செடியும் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

"வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் நாளைக்கே கலைக்கச் சொல்றார். அவர்கிட்ட என்ன சொல்ல?"

பாவம், புண்ணியம், சட்டம் எதையும் எடுத்தவுடன் பேசாதீர்கள். அவருக்குத் தெரிய வேண்டியது சுவர் எப்போது சுத்தமாகும் என்பதுதான். அதனால் தேதியைச் சொல்லுங்கள். மேலே இருக்கும் கணக்கைப் பார்த்து, இரண்டு நாள் கூடவே சேர்த்து, "இந்தத் தேதிக்குப் பிறகு என் செலவில் சுத்தம் செய்து ஓட்டையை அடைத்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்தும் விடுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி திருச்சியில் இப்படித்தான் எழுதியே கொடுத்தாள். படிக்கட்டு விளக்கில் கொண்டைக்குருவி, மூன்று முட்டை. ஓனர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சரி என்றாராம். பத்தாம் நாள் அவரே போன் செய்து, பொரித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். படிக்கட்டில் பூனை ஏறாமல் இருக்க ஒரு தட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம்.